மரங்கொத்தி மலைக்காடு

ஜேர்மனி என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவன பெருந்தொழிற்சாலைகளும், பழம்பெரும் பல்கலைக்கழகங்களும், றைன் நதிக்கரைக் கோட்டைகளுமேயாம். அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இன்றும் காடாகவே இருக்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பனி மூடிய அல்ப்ஸ் மலை அந்நாட்டின் தென்னெல்லையில் மட்டுமே நிற்கின்றது. நாட்டின் நடுப்பாகத்தில் உள்ளவை ஹார்ஸ், றோன், ஓடன்வால்ட், ஸ்பெசார்ட் முதலிய தாழ்மலைகளே. சிகரமென்று சொல்லத்தக்க உயரம் இவற்றிற்கு இல்லை; ஆனால் அடர்ந்த காடு உண்டு; ஒன்றுக்கொன்று தொலைவான சிற்றூர்கள் உண்டு; நெடிய வரலாறும் உண்டு. இவற்றுள் ஸ்பெசார்ட் என்னும் மலைக்காட்டை ஓர் இலையுதிர்காலத்தில் கண்டுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆங்கு கண்டவற்றையும் அறிந்தவற்றையும் இவ்வாரம் வாசக நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

மைன் நதி சூழ்ந்த மலை

பிராங்போட் நகருக்குக் கிழக்கே, பவேரியா, ஹெஸ்ஸே என்னும் இரு மாநிலங்களிலும் பரந்து, ஏறக்குறைய 2,400 சதுர கிலோமீற்றர் பரப்பில் இம்மலைநாடு அமைந்துள்ளது. மைன் நதி கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலுமாக மூன்று புறமும் இதனை வளைத்து ஓடுகின்றது. இதன் மிக உயர்ந்த இடமாகிய கையர்ஸ்பேர்க்கின் உயரம் 586 மீற்றர். நமது பீதுருதாலகாலையின் உயரத்தில் நான்கிலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே இங்கு மலையேறுதல் என்பது மூச்சு வாங்கும் வேலையன்று. நாள் முழுவதும் மர நிழலில் நடப்பதே.

‘ஸ்பெக்ட்’ என்பது ஜேர்மன் மொழியில் மரங்கொத்தி. ‘ஹார்ட்’ என்பது காடடர்ந்த மலையைக் குறிக்கும் பழஞ்சொல். இரண்டும் சேர்ந்து மருவியதே ஸ்பெசார்ட் என்பர் அறிஞர். பெயருக்கேற்ப மரங்கொத்திகளின் ஓசை இன்றும் அக்காட்டில் கேட்கின்றது. கரிய உடலும் செந்நிற உச்சியும் கொண்ட பெரிய மரங்கொத்தியொன்று பட்ட மரத்தைக் கொத்தியதை நாம் நெடுநேரம் நின்று பார்த்தோம்.

பிராங்போட்டிலிருந்து புகையிரதத்தில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அஷாபென்பேர்க் என்னும் நகரை அடையலாம். மைன் நதிக்கரையில், சிவந்த மணற்கல்லால் நாற்புறமும் கோபுரங்களோடு கட்டப்பட்ட யோஹானிஸ்பேர்க் மாளிகை அங்கு நிற்கின்றது. 1605 முதல் 1614 வரை கட்டப்பட்ட இம்மாளிகை மைன்ஸ் நகரத்து அதிமேற்றிராணியாரின் இரண்டாவது அரண்மனையாக விளங்கியது. அக்காலத்தில் அவர் சமயத் தலைவர் மட்டுமல்லர், நாடாளும் அரசருமாவர். ஸ்பெசார்ட் காட்டின் பெரும்பகுதி நூற்றாண்டுக்கணக்காக அவருடைய வேட்டைக்காடாக இருந்தது. இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். காட்டின் கதை முழுவதும் இதிலிருந்தே கிளைக்கின்றது.

அஷாபென்பேர்க்கிலிருந்து பஸ் வண்டி சிற்றூர்களின் வழியே மலைக்குள் நுழைகின்றது. பள்ளத்தாக்கில் ஒரு நீரோடை, அதனையொட்டிப் புல்வெளி, ஒற்றைத் தெருவாக நீண்ட ஓர் ஊர், அதன்மேல் காடு. பின்பு மீண்டும் அடுத்த பள்ளத்தாக்கு. மெஸ்பல்புறுன் என்னும் இடத்தில் மரங்களுக்கிடையே ஒரு குளமும், அக்குளத்தின் நடுவே வட்டக் கோபுரத்தோடு ஒரு சிறு மாளிகையும் உள்ளன. வூர்ஸ்பேர்க் நகரின் மேற்றிராணியாராக இருந்து, 1582ஆம் ஆண்டில் அந்நகரின் பல்கலைக்கழகத்தை நிறுவிய யூலியுஸ் எக்டர் பிறந்த வீடு இதுவே. அவ்விடத்தைக் கடந்தபின் ஊர்கள் அருகிவிடுகின்றன. உள்காட்டில் மூன்று மணி நேரம் நடந்தபோது நாம் எதிர்கொண்ட மனிதர் இருவரே. காளான் பறிக்கவந்த முதியவர் ஒருவர். நாயுடன் நடந்த பெண் ஒருவர். இருவரும் முன்பின் அறியாத நமக்கு வணக்கம் கூறியே சென்றனர்.

முந்நூறாண்டுப் பயிர்

இக்காட்டின் புகழ் ஓக் மரங்களாலானது. பீச் மரமே இங்கு மிகுதியெனினும், உலகெங்குமுள்ள தச்சர் அறிந்தது ஸ்பெசார்ட் ஓக்கையே. இங்குள்ள மண் வளமற்ற செம்மணற்கல் மண். அதில் ஓக் மிக மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருங்கி, வைரம் ஒரே சீராக அமையும். அத்தகைய மரத்தைத் தாள்போல் மெல்லிதாகச் சீவித் தளபாடங்களின் மேற்பரப்பில் ஒட்டுகின்றனர். ஏழை மண்ணில் விளைந்த மரமே விலை உயர்ந்த மரமாகின்றது என்பது வியப்பன்றோ! அக்காலத்தில் இம்மரங்கள் தெப்பங்களாகக் கட்டப்பட்டு மைன் வழியாகவும் றைன் வழியாகவும் ஒல்லாந்து தேசத்துக்கு மிதந்து சென்றன. அங்கு கப்பலாகவும் கட்டடமாகவும் மாறின.

இம்மரத்தை வளர்க்கும் முறை நம்மைப் பெரிதும் சிந்திக்கவைத்தது. ஓக் விதைகள் எல்லா ஆண்டும் மிகுதியாகக் காய்ப்பதில்லை. காய்த்த ஆண்டில் வனத்துறையினர் அவற்றைச் சேர்த்து விதைக்கின்றனர். மானும் காட்டுப்பன்றியும் நுழையாதவாறு வேலி கட்டுகின்றனர். அடிமரத்தில் பக்கக் கிளைகள் தோன்றாதிருக்க, நிழல் தரும் பீச் மரங்களை ஓக்கின் இடையே வளரவிடுகின்றனர். அதே பீச் அளவுகடந்து வளர்ந்து ஓக்கின் தலைக்குமேல் எழாமலும் பார்த்துக்கொள்கின்றனர். நிழலிலே வாழவல்லது பீச். வெளிச்சமின்றேல் மாய்வது ஓக். ஆகவே மனிதன் கைவிட்ட காட்டில், ஓக்கைப் பீச் மெல்லமெல்ல வென்றுவிடுகின்றது.

இவ்வாறு காக்கப்படும் மரம் வெட்டத்தகுந்த பருவமடைய முந்நூறு ஆண்டும் அதற்கு மேலும் செல்லும். இன்று வெட்டப்படும் ஓக்கின் விதையை ஊன்றியவர் பதினேழாம் அல்லது பதினெட்டாம் நூற்றாண்டினர். இன்று விதைப்பவர் அதன் பயனைக் காணார்; அவர் பேரரும் காணார். பத்துத் தலைமுறைகள் ஒருவர்பின் ஒருவராக ஒரே நோக்கத்துடன் நின்றாலன்றி ஒரு நல்ல ஓக் உருவாவதில்லை.

றோர்பேர்க் என்னும் சிறு காப்புக்காடு 1928ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அங்கு வீழ்ந்த மரம் வீழ்ந்தபடியே கிடக்கின்றது. பல நூற்றாண்டு கண்ட ஓக்குகள் உள்ளே பொந்தாகி, மேலே இலை தாங்கி நிற்கின்றன. பட்ட மரங்களில் பூஞ்சணமும் வண்டுகளும் மரங்கொத்திகளும் குடியிருக்கின்றன. அவற்றின் இடையே இளம் பீச் மரங்கள் நெருக்கமாக எழுந்திருப்பதையும் கண்டோம்.

கண்ணாடியும் கதையும்

ஊர் அருகிய இக்காடு ஒரு காலத்தில் தொழிற்களமாக இருந்தது. கண்ணாடி வார்க்க மணல் வேண்டும். அதனை உருக்கப் பெருநெருப்பு வேண்டும். உருகும் வெப்பத்தைக் குறைக்க மரச் சாம்பலிலிருந்து எடுக்கும் காரம் வேண்டும். மூன்றையும் இக்காடு தந்தது. 1406ஆம் ஆண்டிலேயே இங்குள்ள கண்ணாடித் தொழிலாளர் தமக்கென ஒரு சங்க ஒழுங்கு வகுத்திருந்தனர். நாம் கடந்து சென்ற வைபர்ஸ்புறுன் என்னும் ஊர் கண்ணாடித் தொழிலாளரின் குடியிருப்பாகவே தோன்றியது. லோர் நகரில் 1698 முதல் 1806 வரை அதிமேற்றிராணியாரின் நிலைக்கண்ணாடித் தொழிற்சாலை இயங்கியது.

அந்நகரத்துக் கோட்டை இன்று ஸ்பெசார்ட் நூதனசாலையாக உள்ளது. பேசும் நிலைக்கண்ணாடி வரும் ‘வெண்பனிச் சிறுமி’ கதையை நம் பிள்ளைகளும் அறிவர். அச்சிறுமி லோர் கோட்டையில் 1725இல் பிறந்த ஒரு பிரபுவின் மகளே என்று உள்ளூர் மருந்தாளர் ஒருவர் ஒரு நூலெழுதினார். பாதி விளையாட்டாக எழுதப்பட்ட அக்கருத்தை ஆய்வாளர் ஏற்றிலர்; நகரத்தாரோ மகிழ்ந்து ஏற்றுக்கொண்டனர்! அக்கதையைத் தொகுத்த கிறிம் சகோதரர் சிறுவயதில் வாழ்ந்த ஸ்டைனவ் நகரம் இம்மலையின் வடக்கு அடிவாரத்திலேயே உள்ளது என்பது மட்டும் உண்மை.

ஸ்பெசார்ட்டை ஜேர்மனியர் அனைவர்க்கும் அறிமுகஞ் செய்தது வேறொரு கதை. இருபத்தைந்து வயது நிரம்புமுன் 1827இல் மறைந்த வில்ஹெல்ம் ஹவுப் என்பார் எழுதிய ‘ஸ்பெசார்ட் விடுதி’ என்பது அது. காட்டு விடுதியில் இராத் தங்கும் பயணிகள், கள்வருக்கு அஞ்சி உறங்காதிருக்கக் கதை சொல்லிக்கொண்டிருக்கின்றனர். கள்வர் வந்தபோது ஓர் இளம் பொற்கொல்லன் சீமாட்டியின் உடையை அணிந்து தன்னைப் பணயமாக்கி அவளைக் காக்கின்றான். 1958இல் இது திரைப்படமாகவும் வந்து பெரும் புகழ் பெற்றது. இன்று உல்லாசப் பயணிகளுக்காக அமைந்த கடைகளில் கள்வர் தொப்பியும் கள்வர் பொம்மையும் விற்பனையாகின்றன.

காட்டின் நடுவே பசி

ஆனால் கள்வர் எவ்வாறு தோன்றினர்? ஊரார் ஏன் ஏழையராயினர்? இவ்வினாவைக் கதைப்புத்தகம் கேட்பதில்லை.

ஊரைச் சுற்றிக் காடு இருந்தது. ஆனால் காடு ஊராருடையதன்று. மானும் பன்றியும் ஆட்சியாளரின் வேட்டைக்குரியவை. அவை உழவனின் சிறு வயலை இரவில் அழித்தாலும் அவன் அவற்றைக் கொல்லலாகாது. விழித்திருந்து விரட்டலாமேயன்றி வேறு வழியில்லை. திருட்டு வேட்டையாடியவருள் ஹாஸென்ஸ்டாப் என்பவன் பெயர் இன்றும் அங்கு வழங்குகின்றது. 1773இல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் அனைவரும் பங்கிடும் வழக்கத்தால் வயல்கள் தலைமுறைதோறும் துண்டுபட்டன. மாட்டுத்தொழுவத்தில் பரப்ப வைக்கோல் போதாமையால் காட்டுச் சருகை வாரினர். சருகு இழந்த காட்டு மண் மேலும் மெலிந்ததால் வனத்துறையினர் அதனையும் தடுத்தனர். 1803இல் அதிமேற்றிராணியாரின் ஆட்சி முடிந்து, 1814இல் நாடு பவேரிய அரசின் கைக்கு வந்தது. கொடி மாறியது, காட்டுக்கு உரியவர் மாறினர், ஏழையின் நிலை மாறவில்லை.

உருளைக்கிழங்கே அம்மக்களின் உணவாயிருந்தது. 1851இல் காலநிலையாலும் கிழங்கழுகல் நோயாலும் விளைச்சல் பொய்த்தது. பஞ்சமும் நோயும் பரவுகின்றன என்ற செய்தி எழவே, பவேரிய அரசு 1852 பெப்ரவரியில் ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவில் வைத்தியராகச் சென்றவர் ருடோல்வ் விர்ஹோ. வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர். உயிரணு ஒவ்வொன்றும் மற்றோர் உயிரணுவினின்றே தோன்றும் என்பதை நோயியலுக்கு அடிப்படையாக்கி, 1858இல் பெருநூல் வெளியிட்ட அதே விர்ஹோவைத்தான் விஞ்ஞான மாணவர்கள் பாடநூலில் காண்கின்றனர்.

பனிக்காலத்தில் ஊரூராகச் சென்ற விர்ஹோ, ஒற்றை அறையில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்களைக் கண்டார்; அடுப்பையும் படுக்கையையும் கலத்திலிருந்த உணவையும் பார்த்து எழுதினார். நான்காண்டுகளுக்கு முன் மேல் சிலேசியாவில் அவர் கண்ட கொள்ளைநோய் போன்றது இங்கு பரவியிருக்கவில்லை. பரவியிருந்தது பசியும் வறுமையுமே. அவ்வாண்டே ‘ஸ்பெசார்ட்டின் துன்பம்’ என்று தலைப்பிட்டு அவர் வெளியிட்ட அறிக்கை வைத்திய வரலாற்றில் இடம்பெற்றது. அவர் மருந்துப் பட்டியல் எழுதவில்லை. மக்களுக்குக் கல்வியும் வாழ்க்கை வசதியும் சுதந்திரமும் கிடைத்தாலன்றி உடல்நலம் நிலைக்காது என்னும் கருத்திலேயே தம் ஆய்வை முடித்தார்.

காட்டு விடுதியில் அன்றிரவு, மரக்கறி உணவினராகிய நமக்கு உருளைக்கிழங்கு உருண்டையும் காளான் குழம்பும் தந்தனர். சுவையான உணவுதான். ஆனால் இக்கிழங்கு ஒன்று அழுகியபோது இம்மலை முழுவதும் பட்டினி கிடந்ததே என்னும் எண்ணம் எழாமலில்லை.

துன்பம் தீர்ந்தது மெதுவாகவே. பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். 1854இல் மலையைக் குடைந்து புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. ஏற்றம் கடியதாயிருந்ததால் பாரமேற்றிய வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள மற்றோர் இயந்திரம் வேண்டியிருந்தது. 2017இல் புதிய சுரங்கப்பாதைகள் திறக்கும்வரை இது நீடித்தது. பாதை வந்தபின் ஆடவர் நகரங்களில் வேலை தேடினர். அஷாபென்பேர்க்கின் ஆடைத்தொழில் வளரவே, ஊர் வீடுகளில் தையல் வேலை பெருகியது. இன்று அச்சிற்றூரார் பலர் காலையில் மோட்டார் வண்டியேறிப் பிராங்போட் பக்கம் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். வீடுகள் செம்மையாக உள்ளன. சாளரந்தோறும் பூச்சட்டி காண்கின்றது.

விறகுரிமை

எனினும் பழைய நினைவு மறையவில்லை. 2016இல் பவேரிய அரசு தன் மாநிலத்தின் மூன்றாவது தேசியப் பூங்காவை அமைக்க இடம் தேடியபோது, ஸ்பெசார்ட்டின் ஓக், பீச் காட்டில் பத்தாயிரம் ஹெக்டேர் அளவினதான ஒரு பகுதியையும் கருதியது. பூங்காவானால் காலப்போக்கில் அதன் பெரும்பகுதி இயற்கையின் போக்கிலேயே விடப்படும். மரம் வெட்டுதல் நிற்கும். அரிய வண்டுக்கும் பறவைக்கும் பட்ட மரமே வீடு. ஐரோப்பாவில் இத்தகைய பழங்காடு மிக அரிது. ஆகவே காப்பாற்றுவோம் என்றனர் ஆதரித்தோர்.

எதிர்த்தோர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று விறகு. அதிமேற்றிராணியார் காலந்தொட்டு அவ்வூர்க் குடும்பங்களுக்கு, அரச காட்டில் மரம் வெட்டியபின் எஞ்சும் கொப்புகளையும் சிறுகிளைகளையும் விறகாக எடுக்கும் உரிமை உண்டு. மாற்றுவழியில் விறகு வழங்கலாம் என்று அரசு தரப்பினர் கூறியும் ஊரார் இணங்கிலர். கைவிட்ட காட்டில் ஓக் அழிந்து பீச் மட்டுமே எஞ்சும் என்று வனத்தொழிலாளரும் வாதாடினர். ஊர்தோறும் கூட்டங்களும், சாலையோரங்களில் எதிர்ப்புப் பலகைகளும் எழுந்தன. 2017 யூலையில் அரசு ஸ்பெசார்ட்டைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

வசதியாக வாழும் மக்கள் கொப்பு விறகுக்காக இவ்வளவு போராடுவானேன் என்று முதலில் நாமும் வியந்தோம். நூதனசாலையில் அக்காலத்து வறுமையின் சான்றுகளைக் கண்டபின்னரே விடை விளங்கியது. காடு முழுவதும் பிறருடையதாயிருந்த காலத்தில், இவர்தம் முன்னோரின் கைக்கு எட்டியது அந்தக் கொப்பு விறகு ஒன்றே. அதனை விலை பேசித் தீர்க்க வருபவரிடம், பழைய வேட்டைக்காரனின் நிழலை அவர்கள் காண்கின்றனர்.

அதனால் பூங்கா வேண்டுமென்றோர் தவறுடையோர் ஆகிவிடார். பட்ட மரத்தில் வாழும் உயிர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவற்றிற்காகப் பேச யாரேனும் வேண்டும். 1987ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஹெஸ்ஸே மாநிலப் பகுதியில் எல்ப நதிக்கரையிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட பீவர் என்னும் விலங்கினம் இன்று பல ஓடைகளில் அணைகட்டி வாழ்கின்றது. மக்கள் ஏற்றுக்கொண்டால் இழந்த உயிரையும் மீட்கலாம் என்பதற்கு அதுவே சான்று. இரு பக்கத்தாரும் காட்டின்மேல் அன்புடையவரே. ஒருவர் காட்டை மனிதனிடமிருந்து காக்க விரும்புகின்றனர். மற்றவர் காட்டில் மனிதனுக்குள்ள சிறு பங்கைக் காக்க விரும்புகின்றனர்.

செல்ல விரும்புவோர்க்கு

இலைகள் செம்பொன் நிறமாகும் ஒக்டோபர் மாதமே ஸ்பெசார்ட்டைக் காண ஏற்ற காலம். மழையுடையும் உறுதியான பாதணியும் அவசியம். முற்காலத்தில் உப்பு மூட்டை சுமந்த கழுதைகள் சென்ற ‘கழுதைப்பாதை’, சேற்றுப் பள்ளத்தாக்குகளை விலக்கி மலைமுகட்டின் வழியாகவே 111 கிலோமீற்றர் செல்கின்றது. அதில் ஒரு பகுதியையேனும் நடந்து பார்த்தல் நன்று. லோர் நூதனசாலையைக் காணாது திரும்பலாகாது. காட்டை முதலிற் கண்டு, நூதனசாலையைப் பின்பு கண்டு, மீண்டும் ஒருமுறை காட்டுக்குள் செல்வோமாயின், முன்னர் அழகாக மட்டும் தோன்றிய மரங்கள் வேறு செய்தியும் கூறும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். எந்த நாட்டின் காட்டைக் கண்டாலும் அதன் வனப்பை வியப்பதோடு நில்லாது, இதனை நட்டவர் யார், காத்தவர் யார், இதன் அருகே பசித்திருந்தவர் யார் என்று கேட்கப் பழகுங்கள். ஸ்பெசார்ட்டில் அம்மூவரும் வெவ்வேறானவர். முந்நூறு ஆண்டு நிற்கவேண்டிய மரத்தை இனி நடுவோர், அம்மூவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைத்தாலன்றி அம்மரம் முந்நூறு ஆண்டு நிற்பது அரிது.